ஆற்றைவிட மெதுவாகப் போகும் படகு

வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருந்தது. பாறைகளுக்கு நடுவே வெள்ளை வெளேர் என்று நுரைத்துக்கொண்டு பாயும் மலையாறு. அதில் இரண்டு முனையும் மேலே தூக்கிய ஒரு மரப்படகு. ஒரே ஒருவர் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு துடுப்பையும் போடுகிறார். பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "எம்மாம் வேகமா ஓட்டுறான் பாரு!"

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் காணொளியை நிறுத்தி நிறுத்தி அந்த மனிதரின் கைகளை மட்டும் பார்த்தேன். துடுப்புக் கட்டையை அவர் தன் மார்பை நோக்கி இழுக்கிறார். முகமோ ஆறு போகும் திசையில் இருக்கிறது. அப்படி இழுத்தால் படகு அவர் முதுகுப் பக்கமாகத்தானே போகும்? அதாவது வந்த வழியே, மேலே. ஆறு கீழே இழுக்க, அவர் மேலே இழுத்துக்கொண்டிருக்கிறார். அந்த உழைப்பு முழுவதும் படகு வேகமாகப் போகாமல் இருக்க!

இந்தப் படகுக்கு டிரிஃப்ட் போட் என்று பெயர். அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் உருவானது. டிரிஃப்ட் என்றால் நீர் போன போக்கில் மிதந்து போவது. பெயரைக் கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்று தோன்றும். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தேர்க் கூட்டத்தில் நடப்பது மாதிரி

தேர்த் திருவிழா முடிந்து, கூட்டம் ஒரு குறுகலான தெருவில் நெரித்துக்கொண்டு இறங்குகிறது. நீங்கள் நடுவில். தோளில் குழந்தை. நேர் எதிரே ஒரு மின்கம்பம். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். கூட்டத்தைவிட வேகமாக ஓடினால் கம்பத்தில் போய் முட்டுவீர்கள். நின்றுவிடவும் முடியாது. குதிகாலை ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, கூட்டம் நகரும் வேகத்தைவிட உங்கள் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு எட்டாகப் பக்கவாட்டில் ஒதுங்குவீர்கள். ஏதாவது ஒரு கடைவாசல் கிடைத்தால் படியேறி நின்று மூச்சு வாங்குவீர்கள்.

டிரிஃப்ட் போட்டை ஓட்டுவதும் இதேதான். கூட்டம் நீரோட்டம், மின்கம்பம் பாறை. அந்தக் கடைவாசலுக்கும் ஆற்றில் ஓர் இணை உண்டு. பெரிய பாறைக்குப் பின்பக்கம், ஓட்டம் நேரடியாகப் படாமல், நீர் அமைதியாக, சில சமயம் மேல்நோக்கிக்கூடத் திரும்பி வந்துகொண்டிருக்கும் இடம். இதை எடி என்பார்கள். பொங்கும் ஆற்றின் நடுவிலேயே படகை நிறுத்தி ஓய்வெடுக்க முடிகிறது என்றால் இந்த எடிகளால்தான்.

ஒரு சின்னக் கணக்கு

உவமை போதாது என்பவர்களுக்குக் கணக்கு. ஆறு விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 40 மீட்டர் கீழே ஒரு பாறை. துடுப்புப் போட்டால் உங்களால் விநாடிக்கு 1 மீட்டர் வேகம் கொடுக்க முடியும்.

ஒன்றும் செய்யாமல் மிதந்தால் 20 விநாடியில் பாறை.

படகைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து, 45 பாகைக் கோணத்தில் முன்னால் தள்ளிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் வேகத்தில் ஒரு பங்கு ஆற்றின் வேகத்தோடு சேர்ந்துகொள்ளும். 15 விநாடியிலேயே பாறை வந்துவிடும். அதற்குள் பக்கவாட்டில் சுமார் 10 மீட்டர்தான் நகர்ந்திருப்பீர்கள்.

அதே 45 பாகையில், இப்போது மேல்நோக்கி இழுங்கள். அதே பங்கு இம்முறை ஆற்றின் வேகத்திலிருந்து கழியும். பாறையை அடைய 31 விநாடி ஆகும். பக்கவாட்டில் 22 மீட்டர் நகர்ந்திருப்பீர்கள். அதே ஆள், அதே புஜபலம். ஒதுங்கிய தூரம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். கணக்குத் தப்பிப் பாறையில் பட்டாலும் பாதி வேகத்தில்தான் படுவீர்கள்.

இன்னொன்று, மனித உடம்பு தள்ளுவதைவிட இழுப்பதில் பலம் கூடியது. இழுக்கும்போது முதுகும் காலும் சேர்ந்து வேலை செய்யும். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓட்டத்துக்குச் சாய்வாகப் படகை நிறுத்தி, மேல்நோக்கி இழுத்தபடி குறுக்கே நகர்வதை ஃபெர்ரி என்கிறார்கள். கரைவிட்டுக் கரை கடப்பது என்ற பொருளில் வந்த சொல். வழிகாட்டிகள் புதிதாகக் கற்க வருபவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் விதியும் இதுதான்: படகின் முனையை ஆபத்தைப் பார்த்து வை, பிறகு அதிலிருந்து விலகி இழு. கேட்டதும் தலைகீழாகத் தோன்றும். ஆபத்தைப் பார்த்து முனையை வைத்தால்தான் உங்கள் இழுப்பு அதற்கு எதிர்த்திசையில் இருக்கும்.

இதுவரை பார்த்தது: இந்தப் படகு ஆற்றைவிட மெதுவாகப் போகிறது. அப்படிப் போவதால் நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஒதுங்குகிறது. இனி வரும் படகின் உருவம், மரம், வரலாறு எல்லாம் இந்த ஒரு தேவையிலிருந்து கிளைத்தவை.

தர்பூசணித் தோலும் ஸ்கேலும்

மேசையில் ஒரு மர ஸ்கேலை வைத்து, அதன் ஒரு முனையை விரலால் சுண்டிப் பாருங்கள். கொஞ்சம் திரும்பி நின்றுவிடும். ஒரு கீற்று தர்பூசணியைத் தின்றுவிட்டுத் தோலை அதே மேசையில், பச்சைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துச் சுண்டுங்கள். பம்பரமாகச் சுற்றும். நடுப்பகுதி மட்டும்தான் மேசையைத் தொடுகிறது, இரண்டு முனையும் அந்தரத்தில் நிற்கின்றன என்பதே காரணம்.

டிரிஃப்ட் போட்டின் அடிப்பாகமும் இப்படித்தான். பக்கத்திலிருந்து பார்த்தால் முன்னும் பின்னும் வளைந்து மேலே ஏறியிருக்கும். இந்த வளைவுக்கு ராக்கர் என்று பெயர். ராக்கர் இருப்பதால் ஒரு துடுப்பை லேசாக அசைத்தாலே படகு நின்ற இடத்திலேயே திரும்பிக்கொள்கிறது. ஃபெர்ரிக்கு வேண்டிய கோணத்தை நொடியில் மாற்ற இதுதான் கைகொடுக்கிறது.

அடிப்பாகம் இடம் வலமாகப் பார்த்தால் தட்டை. தட்டையாக இருப்பதால் படகு நீருக்குள் சில அங்குலம்தான் அமிழும். கூழாங்கல் தெரிகிற ஆழத்திலும் போய்விடும். பக்கச்சுவர்கள் கிண்ணத்தைப் போல வெளிப்புறமாக விரிந்திருக்கும். இதை ஃபிளேர் என்பார்கள். அலை பக்கவாட்டில் தூக்கும்போது விரிந்த சுவர் நீர்மேல் சாய்ந்துகொண்டு தாங்கும்.

இதில் ஒரு விலை இருக்கிறது. இவ்வளவு சுலபமாகத் திரும்பும் படகு நேராக ஓடாது. ஏரியில் விட்டால் காற்றடித்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மானத்தை வாங்கும். குறையும் நிறையும் ஒரே வளைவிலிருந்து வருகின்றன.

முதுகைக் காட்டிப் போனவர்கள்

அமெரிக்க மலையாறுகளில் இறங்கியவர்கள் எல்லாருக்கும் இது முதலிலேயே தெரிந்திருக்கவில்லை. 1869 மே 24 அன்று ஜான் வெஸ்லி பவல் என்பவர் 10 பேர் கொண்ட குழுவாக 4 படகுகளில் வயோமிங்கின் கிரீன் ரிவர் ஸ்டேஷனிலிருந்து புறப்பட்டார். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைப் படகில் கடப்பது அவர் திட்டம். படகுகள் சிகாகோவில் செய்தவை. மூன்று ஓக் மரத்தில் 21 அடி நீளம். ஒன்று பைன் மரத்தில் 16 அடி. அடியில் நீளவாக்கில் கீல் என்னும் கட்டை ஓடியது. படகை நேர்கோட்டில் வைத்திருப்பது கீலின் வேலை. ஏரிக்கு அருமையான படகு. அருவியாகக் கொட்டும் ஆற்றில் அதுவே எமன்.

துடுப்புப் போட்டவர்கள் வழக்கப்படி, போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இழுத்தார்கள். மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. வேகமோ ஆற்றைவிட அதிகம். சில வாரங்களிலேயே லோடோர் பள்ளத்தாக்கில் 'நோ நேம்' என்ற படகு பாறையில் அடித்துச் சிதறியது. பல இடங்களில் படகுகளைக் கயிறு கட்டி இறக்கினார்கள், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆகஸ்ட் 29 அன்று கேன்யனைத் தாண்டி வெளியே வந்தவர்கள் 6 பேர். ஒருவர் ஆரம்பத்திலேயே விலகிவிட்டார். மூவர் கடைசி நாட்களில், இனி இந்த ஆறு வேண்டாம் என்று மலையேறிப் போனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை.

இதை மாற்றிக் காட்டியவர் பொறியாளரோ ராணுவத்தாரோ இல்லை. யூட்டா மாநிலத்தின் வெர்னல் பகுதியைச் சேர்ந்த நதானியேல் காலோவே, விலங்குகளுக்குப் பொறிவைத்துப் பிழைத்த ஒரு வேட்டைக்காரர். 1890களில் அவர் செய்தது எளிமையானது: படகைத் திருப்பிப் போட்டார். பின்முனை கீழ்நோக்கி, தன் முகமும் கீழ்நோக்கி. வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மேல்நோக்கி இழுத்தார். படகும் தட்டை அடி, தூக்கிய முனைகள், எடை குறைவு. இன்றைக்கும் இந்த முறைக்கு அவர் பெயரே வழங்குகிறது. பெரிய பயணக் குழுவைவிட, தினமும் ஆற்றோடு மல்லுக்கட்டிய ஒருவரின் வயிற்றுப்பாடு நன்றாக யோசித்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மெக்கென்ஸியில் பிறந்தது

ஆரெகனின் காஸ்கேட் மலையிலிருந்து இறங்கி, யூஜீன் நகரத்துக்குப் பக்கத்தில் வில்லமெட் ஆற்றில் சேர்கிறது மெக்கென்ஸி. தெளிந்த, சில்லென்ற நீர். டிரௌட் மீனுக்குப் பேர்போனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியூர்க்காரர்கள் தூண்டிலோடு வர ஆரம்பித்தார்கள். ஆறு தெரிந்த உள்ளூர்க்காரர்கள் கூலிக்குப் படகோட்டினார்கள். ஆற்று வழிகாட்டி என்ற தொழில் அங்கே வேர்பிடித்தது இப்படித்தான். பிரின்ஸ் ஹெல்ஃப்ரிச் அந்தத் தலைமுறையில் பெரிய பெயர். முன்னாள் அதிபர் ஹெர்பர்ட் ஹூவரும் இந்த ஆற்றுக்குத் தூண்டிலோடு வந்தவர்தான்.

மீன்பிடிப்பவருக்கும் மெதுவான படகுதான் வேண்டும். நீரோட்டத்தோடு அதே வேகத்தில் போனால், மீன் ஒளிந்திருக்கும் பாறை நிழலில் தூண்டிலைப் போடுவதற்குள் இடம் கடந்துவிடும். வழிகாட்டி படகைப் பிடித்து நிறுத்தினாற்போல் வைத்திருந்தால், விருந்தாளி முன்னால் நின்றுகொண்டு ஆற அமரத் தூண்டில் வீசலாம். உயிர் தப்பவும் மீன் பிடிக்கவும் ஒரே வித்தை. மதியம் கரையோரக் கூழாங்கல் திட்டில் படகை ஏற்றி, பிடித்த மீனைப் பொரித்துப் போடுவதும் வழிகாட்டியின் வேலைதான்.

ஆரம்பப் படகுகள் கனமானவை. 1920களில் வெல்ட்டி ப்ரூயிட் இலகுவான படகு கட்டினார். இருந்தாலும் அது பலகைகளை ஒட்டவைத்துச் செய்த படகு. அதில் ஒரு தொல்லை உண்டு. பலகைப் படகு நீரில் ஊறினால்தான் மரம் உப்பி இடுக்குகள் அடையும். கடலில் எப்போதும் கிடக்கும் படகுக்கு அது சரி. மலையாற்றுப் படகோ காலையில் மேலே இறக்கி, மாலையில் கீழே ஏற்றி, வண்டியில் வீடு திரும்பும். நான்கு நாள் வெயிலில் நின்றால் பலகை சுருங்கி, அடுத்த முறை இறக்கும்போது சல்லடையாக ஒழுகும்.

இதைத் தீர்த்தது பிளைவுட். மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பலகை. ஆரெகனின் போர்ட்லாந்தில் 1905 கண்காட்சியிலேயே அதைக் காட்டிவிட்டார்கள். ஆனால் நனைந்தால் பசை விட்டுப்போகும். 1934-இல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீனில் ஜேம்ஸ் நெவின் என்ற வேதியியலாளர் தண்ணீருக்கு அசையாத பசையைக் கண்டுபிடித்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் யூஜீனில் பட்டறை வைத்திருந்த நார்வேக்காரர் டாம் கார்ஹஸ் பிளைவுட்டில் ஆற்றுப்படகு கட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு பக்கச் சுவருக்கு ஒரே நீளப் பலகை. இடுக்கு இல்லை, ஒழுக்கு இல்லை, எடையும் குறைவு.

கார்ஹஸின் படகில் ஒரு முனை கூர், மறுமுனை அகலமான சதுரம். காலோவே முறைப்படி சதுர முனைதான் கீழ்நோக்கி, அலையைப் பார்த்து நிற்கும். அகலமான சுவரில் செங்குத்தான அலை அறைந்தால் என்ன ஆகும்? படகு திகைத்து நிற்கும், தண்ணீர் உள்ளே வரும். கார்ஹஸிடம் தொழில் பழகிய வுடி ஹிண்ட்மன் 1940களில் இரண்டு முனையையும் கூராக்கினார். கூர்முனை அலையைக் கிழித்துக்கொண்டு ஏறியது. ஆனால் மேல்நோக்கிய முனையில் நங்கூரத்தையும் மோட்டாரையும் மாட்ட இடமில்லை. அதனால் அந்த முனையின் நுனியை மட்டும் வெட்டி, சிறிய தட்டைப் பலகை வைத்தார். இன்று டிரிஃப்ட் போட் என்று நாம் பார்ப்பது இந்த உருவம்தான். எது முன், எது பின் என்று கேட்டால் படகுக்காரர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். இத்தனை முறை திருப்பிப் போட்ட படகுக்கு அது ஆச்சரியமில்லை.

சுருக்கமாக: முதுகைக் காட்டி வேகமாகப் போனார்கள், காலோவே முகத்தைத் திருப்பினார், பிளைவுட் ஒழுக்கை நிறுத்தியது, ஹிண்ட்மன் அலைக்கு முனை கொடுத்தார்.

ரோக் ஆறு: வெடிவைத்த வழிகாட்டி

ஆரெகனின் தெற்கே ரோக் ஆறு. இங்கே கதை கொஞ்சம் முரடானது. 1915-இல் கிளென் வுல்ட்ரிஜ் என்ற இளைஞர் ஒரு நண்பரோடு கிராண்ட்ஸ் பாஸ் ஊரிலிருந்து கடலோரத்து கோல்ட் பீச் வரை மரப்படகில் போனார். பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டார். வழியை மறித்த பாறைகளுக்கு அவர் கண்ட மருந்து டைனமைட்! ப்ளாசம் பார் என்ற இடத்தில் படகு நுழையவே வழி இருந்ததில்லை. அங்கே திறப்பு உண்டாக்கியதும் அவர் வெடிதான். இன்று யாராவது அப்படிச் செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். 1968-இல் இயற்கை நதிகளைக் காக்க அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தபோது முதலில் பட்டியலிட்ட 8 ஆறுகளில் ரோக்கும் ஒன்று.

வழிகாட்டி என்பவரின் வேலை என்ன என்று புரிய ப்ளாசம் பாரைப் பார்த்தால் போதும். உள்ளே நுழையும் இடம் இடதுபக்கம். நுழைந்ததுமே ஓட்டம் படகை இன்னும் இடதுபக்கம், வரிசையாக நிற்கும் பாறைகளின் மேல் கொண்டுபோய்த் தள்ளப் பார்க்கும். அந்த வரிசைக்கு வேலிப் படல் என்று பொருள்படும் பிக்கெட் ஃபென்ஸ் என்று பெயர். திறந்திருக்கும் வழியோ வலதுபக்கம். வழிகாட்டி என்ன செய்கிறார்? நுழைந்த கையோடு ஒரு பெரும் பாறைக்குப் பின்னால் உள்ள எடியில் படகின் மேல்நோக்கிய முனையைச் செருகுகிறார். கடைவாசல்! அந்த ஒரு கணம் ஆறு பிடியை விடுகிறது. அங்கிருந்து வலதுபுறமாக நாலைந்து முறை உயிரைக் கொடுத்து இழுக்கிறார். படகு ஓட்டத்துக்குக் குறுக்கே நகர்ந்து வழியில் விழுகிறது. எடியைத் தவறவிட்டவர்களின் படகுகள் பிக்கெட் ஃபென்ஸில் குறுக்காக மாட்டி, நீரின் பாரத்தில் பாறையைச் சுற்றி மடங்கியதுண்டு. ஆட்களும் இறந்திருக்கிறார்கள்.

புஜபலத்தைவிட இங்கே கண்தான் வேலை செய்கிறது. நீர்மேல் ஆங்கில 'வி' எழுத்து போல ஒரு வடிவம் தெரியும். அதன் கூர் கீழ்நோக்கி இருந்தால் இரண்டு பாறைக்கு நடுவே வழி. மேல்நோக்கி இருந்தால் அந்தக் கூரிலேயே ஒரு பாறை ஒளிந்திருக்கிறது. வழவழவென்று ஒரு மேடு தெரிந்து, அதற்குக் கீழே வெள்ளை நுரை பின்னோக்கிச் சுருண்டால், அங்கே நீர் பாறையைத் தாண்டி விழுந்து குழி பறிக்கிறது. படகைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குழி. கரையில் சாய்ந்து கிடக்கும் மரம் எல்லாவற்றையும்விட மோசம். நீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். அனுபவசாலிகள் பெரிய இறக்கம் வருமுன் கரையேறி, மேலிருந்து ஐந்து நிமிடம் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பது இதற்காகத்தான்.

ரப்பர் வந்தபிறகும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவத்தில் மிஞ்சிய ரப்பர் மிதவைகள் மலிவாகக் கிடைத்தன. பாறையில் மோதினால் ரப்பர் எகிறித் துள்ளும், பிளைவுட் உடையும். அப்புறம் அலுமினியமும் கண்ணாடியிழையும் வந்தன. மரப்படகு அதோடு ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் ரப்பர் மிதவை நீரில் சாக்குமூட்டையாக நகரும். மரப்படகு ஒவ்வொரு இழுப்புக்கும் உடனே பதில் சொல்லும். ஒருமுறை அதைப் பிடித்தவர்கள் லேசில் விடுவதில்லை.

அப்படி ஒருவர் மார்ட்டின் லிட்டன். 1962-இல் பி. டி. ரைலியோடு சேர்ந்து மெக்கென்ஸிப் படகுகளுக்கு மேல்தளம் அடைத்து கிராண்ட் கேன்யனுக்குக் கொண்டுபோனார். பிறகு அதையே பயண நிறுவனமாக்கினார். கடலோர மீனவர்களின் தட்டையடிப் படகுகளைப் போல இருந்ததால் அவற்றை டோரி என்று அழைத்தார்கள். மனிதர்கள் அழித்துவிட்ட இயற்கை இடங்களின் பெயரைப் படகுகளுக்கு வைத்தார் லிட்டன். அதில் ஒன்று 'எமரால்ட் மைல்', வெட்டப்பட்ட ஒரு ரெட்வுட் காட்டின் பெயர்.

1983 ஜூனில் கொலராடோ ஆற்றில் பெருவெள்ளம். கிளென் கேன்யன் அணை நிரம்பி, உபரிநீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். கென்டன் க்ரூவா என்ற வழிகாட்டி இரண்டு தோழர்களோடு அந்த எமரால்ட் மைலை இரவில் லீஸ் ஃபெர்ரி என்ற படகுத்துறையில் இறக்கினார். கிரிஸ்டல் என்ற இறக்கத்தில் படகு கவிழ்ந்தது. நிமிர்த்தி, மறுபடி ஏறிப் போனார்கள். சாதாரணமாக டோரியில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் 277 மைல் தூரம், 36 மணி 38 நிமிடத்தில் முடிந்தது. கேன்யனின் அந்த வேகச் சாதனையை 2016 வரை யாரும் முறியடிக்கவில்லை.